வாடகை வீல் சேர், கட்டில், ஏர் பெட்: ஐந்து மாதம் ஓட்டிப் பார்த்த பழைய பஸ் டிரைவர் எழுதுவது

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவு நிலையின் உள் அகலம் 25 அங்குலம். வாடகைக் கடையிலிருந்து வந்த வீல் சேரின் முழு அகலம் 26. இந்த ஒரு அங்குலத்தால் பதினோரு நாள் எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்ற முடியவில்லை. ஈரத்துணியால் துடைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். கடைக்காரரும் கேட்கவில்லை, எங்களுக்கும் அளக்கத் தோன்றவில்லை. "18 இஞ்ச் சேர்ணே, எல்லாருக்கும் இதான் குடுக்கிறது" என்றார். அந்த 18, உட்காருகிற இடத்தின் அகலம். இரண்டு பக்கமும் சக்கரம், கையால் தள்ளுகிற வளையம் எல்லாம் சேர்ந்தால் இன்னும் 8 அங்குலம் கூடும். பஸ்ஸில் சீட்டை மட்டும் அளந்துவிட்டு கேட்டுக்குள் வண்டி நுழையும் என்று சொல்கிற கதை.

நான் 1984இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தில் டிரைவராகச் சேர்ந்தவன். 1997இல் பெயர் மாறித் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆனது. 2016இல், 58 வயதில் ஓய்வு. சர்வீஸில் பாதிக்கு மேல் மதுரை – கொடைக்கானல் தடம். வண்டியை எடுப்பதற்கு முன் ஒரு சுற்று வந்து டயரைத் தட்டிப் பார்க்காமல் ஒருநாளும் ஏறியதில்லை. இந்த வீல் சேர் வந்த அன்று மட்டும் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை, படுத்திருந்தேன்.

எப்படிப் படுத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். சேரைப் பற்றிப் படிக்க வந்தவர்களில் பாதிப்பேருக்குச் சேரைவிட அதுதான் முக்கியமாக இருக்கும்.

2022இல் எனக்குப் புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்தது. தெரிந்தபோதே இடுப்பெலும்பிலும் முதுகெலும்பிலும் புள்ளி புள்ளியாகப் பரவியிருந்தது. இந்தப் புற்று பெரும்பாலும் எலும்பைத் தேடித்தான் போகும் என்றார் டாக்டர். மூன்று மாதத்துக்கு ஒரு ஹார்மோன் ஊசி. இரண்டு வருடம் நன்றாகவே ஓடியது. அப்புறம் பி.எஸ்.ஏ. (இந்தப் புற்றைக் கண்காணிக்கிற ரத்தப் பரிசோதனை அளவு) ஏற ஆரம்பித்ததும் அபிராடெரோன் மாத்திரை, வெறும் வயிற்றில் நாலு. கூடவே ஸ்டீராய்டு மாத்திரை. களைப்பும் உடம்பில் திடீர் திடீரென்று ஒரு வெக்கையும் உண்டு, மற்றபடி நடந்தேன், டீக்கடைக்குப் போனேன், பேரனைப் பள்ளியில் விட்டேன்.

இந்த ஜனவரியில் நடுமுதுகில் வலி. இரண்டு வாரம் இருந்தது. படுத்தால் கூடும், இருமினால் சுரீரென்று முன்பக்கம் வரைக்கும் வரும், வயிற்றைச் சுற்றி பெல்ட்டை இறுக்கினதுபோல. டிரைவர் முதுகு, முப்பது வருடம் குலுங்கினது என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்து கிளினிக்கில் ஒரு ஊசி போட்டு, தடவ ஆயின்மென்ட் கொடுத்தார்கள். புற்றுநோய் இருக்கிறது என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் டீக்கடையிலிருந்து வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்தேன். வீட்டம்மா என் காலைப் பார்த்து, "என்னங்க, ஒத்தச் செருப்போட வந்திருக்கீங்க?" என்றாள். இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று தெரியவே இல்லை. தெருமுனையில் கிடந்ததை ஒரு பையன் எடுத்துவந்து கொடுத்தான். சிரித்துவிட்டு உள்ளே போனோம். வெள்ளிக்கிழமை இரண்டு காலும் நனைந்த சாக்கு மாதிரி கனத்தது. சனிக்கிழமை தொப்புளுக்குக் கீழே மரத்துப்போய், மூத்திரம் வரவில்லை. ஞாயிறு காலையில் கட்டிலைவிட்டு எழ முடியவில்லை. 108ஐக் கூப்பிட்டோம்.

ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன வயது டாக்டர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. "கடைசியா எப்ப நடந்தீங்க?" என்றுதான் ஆரம்பித்தார். ஏன் என்று அப்புறம்தான் புரிந்தது. புற்று முதுகெலும்பிலிருந்து வளர்ந்து தண்டுவடத்தை அமுக்கினால், சிகிச்சை தொடங்குகிற நேரத்தில் நடந்துகொண்டிருக்கிறவர்தான் பிறகும் நடக்க வாய்ப்பு அதிகம். நடை நின்றபின் வந்தால், போன காலைத் திரும்பப் பிடிப்பது கஷ்டம். உடனே டெக்ஸாமெதசோன் என்கிற ஸ்டீராய்டு ஊசி, அன்றைக்கே எம்.ஆர்.ஐ. முதுகில் டி10 என்கிற எலும்பில் அமுக்கம். பல இடத்தில் பரவியிருந்ததால் ஆபரேஷன் வேண்டாம் என்று ஐந்து நாள் கதிர்வீச்சு கொடுத்தார்கள். ரவுண்ட்ஸில் ஒருமுறை செருப்பு விஷயத்தைச் சொன்னேன். "அன்னிக்கே வந்திருந்தீங்கன்னா..." என்று தொடங்கி, என் மகனின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அதனால் இதே நோய் உள்ளவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும்: புதிதாக முதுகுவலி வந்து, கூடவே கால் பலவீனமோ மரத்துப்போவதோ மூத்திரம் மலம் நிற்பதோ இருந்தால் திங்கட்கிழமைக்குக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. போனதும் முதல் வார்த்தையாக "புராஸ்டேட் கேன்சர் இருக்கு" என்று சொல்லுங்கள். பிரேக் பிடிக்காத வண்டியை டிப்போ வரைக்கும் ஓட்டிவிடலாம் என்று நினைத்த ஆள் நான்.

சரி, சாமான்களுக்கு வருகிறேன்.

டிஸ்சார்ஜ் ஆகும் முதல் நாள், வீட்டில் என்னென்ன வேண்டும் என்று ஒரு நர்ஸ் எழுதிக் கொடுத்தார். மகன் திருப்பூரிலிருந்து லீவு போட்டு வந்திருந்தான். போனிலேயே ஒரு கடையைப் பிடித்தான். கட்டில் மாதம் 2,500, வீல் சேர் 600, கமோடு சேர் 400, எல்லாவற்றுக்கும் சேர்த்து 8,000 அட்வான்ஸ். ஏர் பெட் வாடகைக்குத் தரமாட்டார்கள், 2,900க்கு வாங்கினோம். கடை பெயரை எழுதவில்லை. ஊரில் இப்படி பத்துக் கடை இருக்கிறது, பத்திலும் ஏறக்குறைய இதே சாமான், இதே பதில்தான் கிடைக்கும் என்று பிறகு விசாரித்ததில் தெரிந்தது. ஒரு நல்லது சொல்ல வேண்டும்: சாயங்காலம் ஐந்து மணிக்குப் போன் போட்டோம், ராத்திரி எட்டுக்கு வேனில் கொண்டுவந்து கட்டிலை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதில் குறை இல்லை.

முதல் வீல் சேர் எஃப்.சி. என்கிற வண்டித் தகுதிச் சோதனைக்குப் போயிருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். இரும்புச் சட்டம், 20 கிலோவுக்குப் பக்கம். பெயின்ட் புதிதாக அடித்து உள்ளே துருவை மறைத்திருந்தது. அதெல்லாம் போகட்டும். வந்த இரண்டாம் நாள் என்னைக் கட்டிலிலிருந்து சேருக்கு மாற்ற வீட்டம்மாவும் மகனும் சேர்ந்தார்கள். பிரேக் லீவரைப் போட்டாயிற்று, டக்கென்று சத்தமும் வந்தது. என் பாரம் சேரின் விளிம்பில் பட்டதும் சேர் பின்னால் நகர்ந்தது. மெதுவாக, ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி. நான் தரையில். மகன் தோளைப் பிடித்திருந்ததால் தலை தப்பியது. தூக்கப் பார்த்தார்கள், கால் இரண்டும் ஒத்துழைக்காத மனுஷனைத் தூக்குவது நெல் மூட்டை தூக்குவது மாதிரி இல்லை. மூட்டையாவது வளையாது. மகன் பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிட ஓடினான். வீட்டம்மா என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். "சரிங்க, அவங்க வர்ற வரைக்கும் இப்படியே இருப்போம்" என்று சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் பகலில் சும்மா தரையில் உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அப்புறம் படுத்துக்கொண்டே சேரைப் பக்கத்தில் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். வீல் சேர் பிரேக் என்பது டயரின் மேல் ஒரு இரும்புக் கட்டையை அழுத்துவது, அவ்வளவுதான். காற்று டயராக இருந்து, காற்று குறைந்திருந்தால் கட்டை அழுத்த எதுவும் இருக்காது. லீவர் விழும், சத்தம் வரும், பிரேக் மட்டும் பிடிக்காது. இடது டயரை விரலால் அமுக்கினேன், மாவு மாதிரி உள்ளே போனது. முப்பத்திரண்டு வருடம் டயரைத் தட்டினவன் வீட்டில் இது நடந்தது. காற்று டயர் சேர் எடுத்தால் வாரம் ஒருமுறை சைக்கிள் பம்பால் காற்றடியுங்கள். முடிந்தால் கெட்டி ரப்பர் டயர் உள்ளதைக் கேளுங்கள். கொஞ்சம் குலுங்கும், ஆனால் பஞ்சர் பயம் கிடையாது.

இதே சேரில் இன்னொன்று நடந்தது. கால் வைக்கிற தட்டின் பின்பக்கம் ஒரு போல்ட்டின் முனை அரை அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எனக்குக் காலில் உணர்ச்சி இல்லையே. ஒரு மத்தியானம் சேரில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தரையைத் துடைக்க வந்த வீட்டம்மா, "இது என்ன, வெத்தலை எச்சிலா?" என்றாள். நான் வெற்றிலை போடுகிறதே இல்லை. குதிகாலிலிருந்து ரத்தம். ஒரு மணி நேரமாக அந்தப் போல்ட் உரசியிருக்கிறது, எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. சர்க்கரை வேறு உண்டு, ஸ்டீராய்டால் அது இன்னும் ஏறியிருந்தது. அந்தப் புண் ஆற ஏழு வாரம். கடைக்குப் போன் போட்டால் "நாளைக்கு ஆள் அனுப்புறேன்ணே" என்றார். நாளை என்பது நாலாம் நாள் வந்தது. அதற்குள் பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் போல்ட்டின் மேல் சுற்றிக் கட்டிவிட்டோம். உணர்ச்சி இல்லாத ஆள் உட்காரும் சேரை வாங்கும்போது, உட்காருவதற்கு முன் யாராவது ஒருவர் கையால் சேர் முழுக்கத் தடவிப் பாருங்கள். கையில் எது குத்துகிறதோ அது காலையும் கிழிக்கும்.

பன்னிரண்டாம் நாள் வேறு கடையில் இரண்டாவது சேர் எடுத்தோம். இந்த முறை மகன் டேப் எடுத்துக்கொண்டு போனான். 16 அங்குல சீட், மொத்தம் 24. நான் நோயில் 54 கிலோவுக்கு வந்துவிட்டேன், 16 போதும். கைப்பிடி இரண்டு பக்கமும் கழற்றலாம். இதுதான் பெரிய வசதி. கைப்பிடி கழலாத சேரில், கட்டிலிலிருந்து ஆளைத் தூக்கி அந்த வேலியைத் தாண்டித்தான் உட்காரவைக்க வேண்டும். கழற்றினால் பக்கவாட்டில் நகர்ந்தே போய்விடலாம். கால் தட்டும் பக்கவாட்டில் திரும்புகிறது. மாதம் 900. 600க்கும் 900க்கும் நடுவில் இருக்கிற 300 ரூபாயில்தான் என் வீட்டம்மாவின் இடுப்பு இருக்கிறது என்பேன்.

25 அங்குல நிலையில் 24 அங்குலச் சேர் என்றால் பக்கத்துக்கு அரை அங்குலம். வத்தலக்குண்டுக்கு மேலே மலைப்பாதையில் எதிரே லாரி வரும்போது கண்ணாடியை மடக்கிவிட்டுப் போன ஞாபகம் வருகிறது. ஒரே வித்தியாசம், இங்கே மடக்க வேண்டியது என் விரல்களை. வளையத்தைப் பிடித்துக்கொண்டே நுழைந்தால் விரல் முட்டியில் தோல் போகும். நிலைக்கு முன்னாலேயே கையை மடியில் வைத்துக்கொண்டு, பின்னாலிருந்து தள்ளச் சொல்ல வேண்டும்.

ஒரு விஷயம் எந்தக் கடையிலும் சொல்லவில்லை. சேரில் உட்காருகிறவரை மட்டும் வைத்துச் சேரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, தள்ளுகிறவரையும் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டம்மா ஐந்தடிக்கும் கீழே. முதல் சேரின் தள்ளுகிற பிடி அவள் நெஞ்சுக்கு வந்தது, குப்பை வண்டி தள்ளுகிற மாதிரி கையை உயர்த்தித் தள்ளினாள், இரண்டு நாளில் தோள்பட்டை போயிற்று. இரண்டாவதில் பிடி இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. பின்னால் கீழே காலால் மிதிக்க ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதை மிதித்துப் பிடியைக் கீழே அழுத்தினால் முன்சக்கரம் தானாகத் தூக்கிக்கொள்ளும், வாசற்படிக் கட்டையைத் தாண்டிவிடலாம். அந்தக் கம்பி எதற்கு என்று எங்களுக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரை வீட்டம்மா என்னையும் சேர்த்துக் கையாலேயே தூக்கிக்கொண்டிருந்தாள். கடைக்காரர் சொல்லியிருக்க ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

கட்டில் நல்லது. தலைப்பக்கம் ஒரு சுழற்று, கால்பக்கம் ஒரு சுழற்று. சாப்பிடும்போது தலையைத் தூக்கிவிட்டால் புரையேறுவதில்லை. குறை இரண்டு. சுழற்றுகிற கம்பி வேலை முடிந்ததும் உள்ளே மடங்க வேண்டும். எங்களுடையது மடங்கவில்லை. வீட்டில் எல்லோர் முழங்காலிலும் ஒரு நீலத் தழும்பு உண்டு, பேரனுக்கு நெற்றியில். இரண்டாவது உயரம். கட்டில், அதன் மேல் மெத்தை, அதன் மேல் ஏர் பெட் என்று அடுக்கியதில் சேரின் சீட்டைவிட ஆறேழு அங்குலம் மேலே போய்விட்டது. கட்டிலிலிருந்து சேருக்கு வருவது இறக்கம், சுகம். திரும்பப் போவது ஏற்றம், இரண்டு பேர் வேண்டும். உயரத்தை ஏற்றி இறக்குகிற கட்டிலும் வாடகைக்கு உண்டு, மாதம் ஆயிரம் ரூபாய் கூட. இப்போது கேட்டால் அதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

ஏற்றத்துக்கு வழி கண்டுபிடித்தது எங்கள் தெரு ஆசாரி. பிசியோதெரபி செய்ய வருகிற பெண் ஒரு பலகையைப் பற்றிச் சொன்னாள். கட்டிலுக்கும் சேருக்கும் நடுவில் பாலம்போல வைத்து, அதன் மேல் உட்கார்ந்து நகர்ந்து போவதாம். கடையில் விலை கேட்டால் 3,500. ஆசாரியிடம் சொன்னதும் முக்கால் அங்குல பிளைவுட்டில் இரண்டரை அடி நீளம், ஓரடி அகலம் வெட்டினார். இரண்டு முனையையும் சீவி மெலிதாக்கி, உப்புக்காகிதம் தேய்த்து, இரண்டு கோட் வார்னிஷ் அடித்தார். கூலி வாங்கவில்லை. "உங்க வண்டியில எத்தனை தடவை ஓசியில வந்திருப்பேன்" என்றார். டிக்கெட் வாங்காமல் யாரையும் நான் ஏற்றியதில்லை, அதைச் சொல்லி அப்போது சண்டை போடவில்லை. பலகையில் கொஞ்சம் பவுடர் தூவினால் வழுக்கிக்கொண்டு போகும். வெறும் தோல் படக் கூடாது, கைலி இருக்க வேண்டும். ஐந்து மாதத்தில் நான் உபயோகித்த சாமான்களிலேயே முதல் பரிசு இந்தப் பலகைக்குத்தான்.

ஏர் பெட் பற்றி நிறையப் பேருக்கு ஒரு தப்பு எண்ணம் இருக்கிறது, அதைப் போட்டால் படுக்கைப் புண் வராது என்று. வரும். உள்ளே வரிசை வரிசையாக இருக்கிற பைகளில் காற்று மாறி மாறி ஏறி இறங்கும், ஒரே இடத்தில் அழுத்தம் விழாமல் பார்த்துக்கொள்ளும். உதவிதான். ஆனாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளைத் திருப்பித்தான் ஆக வேண்டும். வீட்டம்மா தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைப்பாள்: 10 மணி இடது, 12 மணி நேர், 2 மணி வலது. கண்டக்டர் டிரிப் ஷீட் போடுகிற மாதிரி கட்டம் போட்டு. ராத்திரி ஸ்டீராய்டு தூங்க விடாது, அந்தப் பம்ப் விடிய விடிய உறுமிக்கொண்டிருக்கும், ஐடிலில் நிற்கிற வண்டி மாதிரி. பழகிவிட்டது. கரண்டு போனால் காற்று மெல்ல இறங்கும், எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை நிறுத்துகிற நாளில் அடியில் கட்டையில் படுத்த மாதிரி ஆகிவிடும். அன்றைக்கு இரண்டு மணி நேரம் என்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். பம்பில் ஒரு திருகு இருக்கும், ஆள் எடைக்கு ஏற்ப வைக்க. நாங்கள் முதல் வாரம் முழுக்க வைத்துவிட்டோம், கல் மாதிரி இருந்தது. இடுப்புக்குக் கீழே கையை நுழைத்துப் பார்த்தால் உடம்புக்கும் அடிக்கட்டிலுக்கும் நடுவில் ஒரு அங்குலமாவது காற்று இருக்க வேண்டும், அந்த அளவு போதும்.

கமோடு சேர் பற்றிப் பெரிதாக ஒன்றுமில்லை. வாளியை எடுத்துவிட்டு வெஸ்டர்ன் டாய்லெட்டின் மேல் தள்ளி நிறுத்தலாம். குளிக்கவும் அதுவே. பின்சக்கரத்துக்கு மட்டும்தான் பூட்டு, ஈரத்தரையில் கவனம்.

வாசல் விஷயம். திண்ணையிலிருந்து தெருவுக்கு 7 அங்குல இறக்கம். ஒரு அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் சரிவு வேண்டும் என்பது கணக்கு, அப்படியானால் 7 அடி. எங்களுக்கும் சாக்கடைக்கும் நடுவில் இருப்பது 4 அடி. வேறு வழியில்லாமல் 4 அடிக்கு இரும்புத் தகடு போட்டோம், செங்குத்துதான். இறங்கும்போது நான் தெருவுக்கு முதுகைக் காட்டி ரிவர்ஸில்தான் இறங்குவேன். முன்னால் பார்த்து இறக்கினால் ஆள் சேரிலிருந்து முன்னால் கொட்டிவிடும். மலையில் ஏறின கியரிலேயே இறங்கு என்று எனக்குச் சொல்லிக் கொடுத்த சீனியர் டிரைவர் இருந்தால் இதைப் பார்த்துத் தலையாட்டியிருப்பார்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை இப்போது கீமோ, டோசிடாக்ஸெல். போகவர வாடகை கார். ஒரு எச்சரிக்கை: கேஸில் ஓடுகிற கார் என்றால் டிக்கியில் சிலிண்டர் இருக்கும், மடித்த வீல் சேர் போகாது. புக் பண்ணும்போதே கேட்டுவிடுங்கள். முதல் தடவை நான் காரில் முன்னால் போக, சேர் ஆட்டோவில் பின்னால் தனியாக வந்தது. சேருக்கு 180 ரூபாய் சார்ஜ்.

கடைசியாக, காசு வாங்காமல் கிடைத்த சேவை ஒன்று. மக்களைத் தேடி மருத்துவம், 2021 ஆகஸ்டில் அரசு தொடங்கியது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொடுக்கிற திட்டம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். படுக்கையில் இருக்கிறவர்களுக்கு வீட்டுக்கே பிசியோதெரபியும், வலிநிவாரணப் பராமரிப்பும் அதில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் விவரம் கொடுத்தால் போதும். எங்களுக்கு வந்த பெண்ணுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. வந்த முதல் நாள் நான், "என்னை எப்பம்மா நடக்க வைப்பே?" என்றேன். "அய்யா, முதல்ல பிடிக்காம உட்காருங்க, பார்ப்போம்" என்றாள். கட்டில் விளிம்பில் உட்காரவைத்துக் கையை எடுத்தாள். மூன்று எண்ணுவதற்குள் சாய்ந்துவிட்டேன். அன்றைக்குத்தான் நிலைமை எனக்கு முழுசாக உறைத்தது. பிரேக் போட்ட சேரில் கையை ஊன்றி, அரை மணிக்கு ஒருமுறை பிட்டத்தைத் தூக்கி இறக்கச் சொன்னாள், புண் வராமலிருக்க. வராத நாட்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று பேரனின் நோட்டில் படம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவாள். வேலையை இவ்வளவு சுத்தமாகச் செய்கிறவர்களை நான் டிப்போவிலும் சிலரைத்தான் பார்த்திருக்கிறேன்.

போன வாரம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைத்தேன். வலது கால் வருகிறது, இடது காலை இழுக்க வேண்டியிருக்கிறது. ஐந்தாவது எட்டு வருமா என்பதை டாக்டரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காலில் செருப்புப் போட்டால் கழல்வது தெரியாது என்பதால் இப்போது பின்னால் பட்டி வைத்தது.

வாடகைக்கு எடுப்பவர்களுக்கு இன்னொன்று. சாமான் வந்து இறங்கியதும், வேன்காரர் போவதற்குள், எல்லாப் பக்கமும் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் சேரைத் திருப்பிக் கொடுத்தபோது, பெயின்ட் உரிந்திருக்கிறது, போல்ட்டில் ரப்பர் சுற்றியிருக்கிறது என்று அட்வான்ஸில் 400 ரூபாய் பிடித்தார்கள். ரப்பர் ஏன் சுற்றினோம் என்று சொல்ல மகன் வாய் திறந்தான். வீட்டம்மா அவனைத் தள்ளிவிட்டு, என் குதிகால் துணிக்கட்டைப் போனில் போட்டோ எடுத்து அந்த ஆளிடம் காட்டினாள். 400ஐயும் வாங்கிக்கொண்டுதான் படியிறங்கினாள்.